தேங்காய் மண்டி வழியாக ஒன்றாம் வகுப்புக்கு

காலை ஏழரை மணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையம். திண்டுக்கல் வண்டியில் ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்வியை நடத்துநரிடம் கேட்டேன்.

"வாடிப்பட்டி உள்ள போகுமா, பைபாஸா?"

"உள்ளதான் போகும், ஏறுங்கண்ணே. பைபாஸ்ல எறக்கிவிட்டா இந்த வெயில்ல நீங்க நடந்து போயிருவீகளா?"

என் வயதை அவர் சரியாகவே கணித்திருந்தார். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு இருபத்தைந்து ரூபாய். அரசாங்கக் கணக்கில் இத்தனை நேர்த்தியான பொருத்தத்தை நான் கண்டதில்லை. கல்வித்துறை அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், நம்பலாம்.

பக்கத்து இருக்கையில் பியூலா. எங்கள் தெருப் பெண். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் குழந்தை வளர்ச்சி பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகள் என்னென்ன கற்றிருக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சோதிப்பது அவள் வேலை. மறுசோதனை என்று வந்தால், வெளியாள் ஒருவர் பார்வையாளராக உட்கார வேண்டும் என்பது அந்த ஆய்வின் விதி. விதி என்றதும் தெருவில் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்திருக்கிறது.

பரவை தாண்டும்போது விஷயத்தைச் சொன்னாள். வாடிப்பட்டிக்கு வடக்கே ஒரு கிராமம். கனிஷ்கா என்று ஐந்து வயதுப் பெண். இரண்டு மாதம் முன்பு நடந்த சோதனையில் எண்கள் பகுதி முழுவதும் பூஜ்யம். முதல் கேள்வி பத்து மணிகளை எண்ணுவது. அதில் முதல் எண்ணே தவறினால் மீதிக் கேள்விகளைக் கேட்காமலே பகுதியை மூடிவிட வேண்டும். பிள்ளை மந்தம் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். இந்த வருடம் பள்ளி வேண்டாம், அடுத்த வருடம் தம்பியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் தகப்பனார். மறுசோதனை ஒருமுறைதான் உண்டு.

"இன்னிக்கும் பூஜ்யம்னா?" என்றேன்.

"அதுதான் கடைசி மார்க் அங்கிள். நான்தான் போட்டேன், நானேதான் திரும்பப் போடணும்" என்றாள். சமயநல்லூர், நகரி எல்லாம் கடந்து போயின. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

எட்டரைக்கு வாடிப்பட்டி. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, தலைக்குப் பதினைந்து ரூபாய். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்தாவதாக என்னைச் செருகிவிட்டு ஓட்டுநர் கேட்டார்: "சாருக்கு வசதியா இருக்கா?"

"எந்தக் கால் என்னுடையது என்று மட்டும் தெரியவில்லை."

"எறங்கும்போது தெரிஞ்சிரும் சார்."

எதிரே சிறுமலை நீலமாக நீண்டு கிடந்தது. வாய்க்காலின் இரு கரையிலும் தென்னந்தோப்புகள். கிராமத்தின் முகப்பிலேயே ஒரு தேங்காய் மண்டி. அதன் சொந்தக்காரர் பாண்டிதான் கனிஷ்காவின் அப்பா. லாரிக்குக் காய் ஏற்றிக்கொண்டிருந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். அவர் மனைவி செல்வி எங்களுக்கு முன்பே, சோதனை நடக்கவிருந்த அங்கன்வாடியின் வாசலில், மஞ்சள் பை ஒன்றை அணைத்தபடி நின்றிருந்தாள்.

"எம்புட்டு நேரம் ஆகும் மேடம்?" என்று பாண்டி கேட்டார். "லாரி நிக்குது."

"லாரி நிக்கட்டும்" என்றாள் செல்வி.

ஒன்பதேகாலுக்குச் சோதனை தொடங்கியது. பியூலாவும் கனிஷ்காவும் பாயில் எதிரெதிரே. நான் பின்னால் நாற்காலியில். பார்வையாளர் பேசக்கூடாது, தலையசைக்கக்கூடாது, புன்னகைக்கக்கூடாது என்கிறது ஆய்வின் கையேடு. அலுவலக வாழ்க்கை என்னை இதற்கு நன்றாகவே தயார் செய்திருந்தது.

படம் பார்த்துப் பெயர் சொல்வது, கதை கேட்டுப் பதில் சொல்வது எல்லாவற்றையும் கனிஷ்கா ஊதித் தள்ளினாள். பிறகு பியூலா பத்து மரமணிகளை வரிசையாக வைத்தாள். "எண்ணு பாப்பா."

கனிஷ்கா முதல் மணியின் மேல் விரலை வைத்து உரக்கச் சொன்னாள்: "லாபம்."

பியூலாவின் முகம் வாடியது. அவள் விரல் கைக்கணினியை நோக்கிப் போனது.

எனக்கு நாற்காலி சுட்டது. தேங்காய் எண்ணுகிறவர்கள் "ஒன்று" என்று தொடங்குவதில்லை. முதல் காயை "லாபம்" என்று எடுத்துப் போட்டுவிட்டு "ரெண்டு, மூணு" என்று தொடர்வார்கள். வியாபாரம் மங்களமாகத் தொடங்க வேண்டுமாம். பிள்ளை எண்ணத் தொடங்கிவிட்டது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. கையேடு ஒரே ஒரு சொல்லுக்கு வழி விட்டிருந்தது: குழந்தைக்குத் தாகம் என்று தோன்றினால் பார்வையாளர் இடைவேளை கேட்கலாம்.

"தண்ணீர்!" என்றேன்.

"எனக்கு வேணாம்" என்றாள் கனிஷ்கா.

எனக்குத் தோன்றினால் போதும். குழந்தைக்கும் தோன்ற வேண்டும் என்று அதில் இல்லை. பியூலாவின் விரல் நின்றது. பிள்ளையிடம் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தோம்.

"பாண்டி, மண்டியில காய் எப்படி எண்ணுவீங்க?"

"என்ன சார் கேள்வி? லாபம், ரெண்டு, மூணு..." பாண்டி பாதியில் நிறுத்தினார். "அதையா சொல்லுச்சு?"

பியூலா நெற்றியில் கை வைத்தாள். "அன்னிக்கும் இதத்தான் சொன்னா அங்கிள். சம்பந்தமில்லாம என்னமோ பேசுதுன்னு நெனச்சு மூடிட்டேன்."

செல்வி புருஷன் பக்கம் திரும்பினாள். "ரெண்டு மாசமா எம்பிள்ளைக்கு மூளை இல்லைன்னு ஒங்க அண்ணன் வீட்டுல அம்புட்டுப் பேரும் பேசுனாக. நீங்களும் தலையத் தலைய ஆட்டுனீக. நாள் பூரா மண்டியில ஒக்கார வச்சது யாரு? அது ஒங்க பாட்டத்தான பாடியிருக்கு?"

பாண்டி லாரியைப் பார்த்தார். லாரி உதவவில்லை.

"ஆனா ஏத்துக்க விதி வேணுமே அங்கிள்" என்றாள் பியூலா.

விதியா? பேருந்திலேயே கையேட்டை முழுவதும் படித்திருந்தேன். வேறு யாரும் செய்ய மாட்டார்கள் என்பதால் நான் செய்கிற காரியம் அது. "குழந்தை தன் வீட்டு வழக்கில் எண்ணினால் ஏற்றுக்கொள்க" என்று ஒரு வரி இருக்கிறது. மதுரையில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் பேசும் வீட்டுப் பிள்ளைகளை நினைத்து எழுதியிருப்பார்கள். தேங்காய் வியாபாரி வீடும் வீடுதான். அதற்கு அடுத்த வரி இன்னும் இனிமையானது: இடைவேளைக்குப் பிறகு, முடிக்காத கேள்வியை முதலிலிருந்து கேட்க வேண்டும்.

கேட்டாள். "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கிய கனிஷ்கா பத்தில் நிற்கவில்லை. மணி தீர்ந்ததும் என் சட்டைப் பொத்தான்களை எண்ணினாள், ஜன்னல் கம்பிகளை எண்ணினாள். பியூலாதான் கெஞ்சி நிறுத்தினாள்.

அடுத்த கேள்வி: "அஞ்சு மணி எடுத்து எங்கிட்ட குடு."

கனிஷ்கா ஐந்தை எண்ணி பியூலாவின் கையில் வைத்தாள். ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்னொரு மணியை எடுத்து மேலே வைத்தாள்.

ஆறு. ஆறு என்றால் தவறு. இரண்டாம் தடவை தண்ணீர் கேட்க விதி இடம் தராது. நான் கூரையைப் பார்த்தேன்.

இந்த முறை பியூலா அவசரப்படவில்லை. சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேட்கலாம் என்ற விதி அவளுக்கும் தெரிந்திருந்தது. "இதுல எத்தனை இருக்கு பாப்பா?"

"அஞ்சு."

"அப்ப இது?"

"அது கொசுறு" என்றாள் கனிஷ்கா, இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

பியூலா கைக்கணினியை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க அனுமதியில்லை; தோள் குலுங்கக்கூடாது என்று கையேடு சொல்லாததால் தோளால் சமாளித்தேன். எண்கள் பகுதியில் ஒரு கேள்வி தவிர எல்லாம் சரி. அந்த ஒன்றும் கடிகாரத்தில் மணி பார்ப்பது. அந்த வீட்டில் கடிகாரம் ஓடுவதில்லையாம்.

பத்தரைக்கு முடிவு பதிவாயிற்று. பியூலா வாசலுக்கு வந்து, "பிள்ளை வயசுக்கு மேலயே இருக்கா" என்றாள். பாண்டி துண்டைத் தோளுக்கும் தலைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப அடுத்த வாரம் நல்ல நாள் பாத்து..." என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கு" என்றாள் செல்வி.

பள்ளிக்கூடம் அதே தெருவில், ஐம்பது அடி தள்ளி. திறந்து முதல் வாரம், சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. வழியில் நான் என் பழைய கடமையைச் செய்தேன். "அம்மா, பிறப்புச் சான்று வேணும்."

"இருக்கு" என்று மஞ்சள் பையைத் தட்டினாள்.

"ஆதார்? நகலும் வேணும்."

"ரெண்டும் இருக்கு."

"சாதிச் சான்று, போட்டோ?"

"எல்லாம் இருக்கு சார். ஏப்ரல்லயே எடுத்து வச்சிட்டேன். இவுக வேணாம்னு சொன்ன அன்னைக்குச் சாயங்காலம்."

இத்தனை வருட அனுபவத்தில், நான் கேட்கும் முன்பே எல்லாக் காகிதத்தையும் வைத்திருந்த முதல் விண்ணப்பதாரர் இவள்தான். தலைமையாசிரியை காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, பெயரை எழுதினார். கனிஷ்கா யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஒன்றாம் வகுப்புக்குள் போய், முதல் வரிசையில் இருந்த ஒரு பையனை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

பகல் ஒரு மணிக்கு வாடிப்பட்டியில் மதுரை வண்டி. மதுரையில் எங்கள் தெருவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வரும் பெற்றோரைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். கட்டணம் கட்டிய களைப்பு நடையில் தெரியும். கிளம்புமுன் அந்தக் கிராமத்துத் தெருவில், மகளைச் சேர்த்துவிட்டுச் செல்வி நடந்து வந்ததையும் நான் பார்த்திருந்தேன். காலிப் பையை வீசி வீசி, தெரு நடுவில், புருஷனின் அண்ணன் வீட்டு வாசல் வழியாக, வேண்டுமென்றே மெதுவாக.