மின்னல் தாத்தாவின் தலைமுடி

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது கேஸ் லைட்டரை எடுத்தால், மற்றவர்கள் என் தலையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குக் காரணம் நான் நாலாம் வகுப்பில் கலந்துகொண்ட மாறுவேடப் போட்டி.

முந்தைய வருஷம் தக்காளியாகப் போய் ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பாவோடு திரும்பியிருந்தேன். இந்த முறை முதல் பரிசு ஒரு ஜோடி ஷட்டில் பேட். அது கிடைக்காவிட்டால் இனிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

வழி சொன்னவர் கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் அறிவியல் மிஸ். இடிமழையில் பட்டம் விட்டு, மின்னலும் மின்சாரந்தான் என்று காட்டிய அமெரிக்கர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். இடிதாங்கி அவர் கண்டுபிடித்தது. எட்டப் பார்க்கவும் கிட்டப் பார்க்கவும் ஒரே கண்ணாடி, அதுவும் அவர் வேலைதான். ஊரில் தீயணைக்க ஆள் சேர்த்தவர். வயதான காலத்தில் கடல் கடந்து தூது போய்த் தன் நாட்டுக்கு நட்புத் தேடியவர். பெயர் வாயில் நுழையாததால் எங்கள் வீட்டில் அவர் மின்னல் தாத்தா ஆகிவிட்டார்.

போத்தனூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த என் தாய்மாமா இதில் காட்டிய அக்கறைக்கு அளவே இல்லை. என் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டறியாதவர், தினமும் ஒரு சந்தேகத்தைக் கொடுத்து என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்.

"கண்ணு, அந்தத் தாத்தாவோட கோட்டு என்ன கலருன்னு மிஸ்ஸுகிட்டக் கேட்டுப்போட்டு வா அம்மணி."

கேட்டேன். பழுப்பு என்றார் மிஸ். பட்டத்துக்கு வால் உண்டா என்று மறுநாள் கேட்டேன். உண்டு என்றார். அதற்கடுத்த நாள், தாத்தாவுக்குக் காப்பி பிடிக்குமா, டீ பிடிக்குமா என்று கேட்டபோது மிஸ் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"உங்க மாமாவுக்கு இத்தனை சந்தேகம் இருந்தா நேர்லயே வந்து கேக்கச் சொல்லு."

மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது என்று பயந்து, மாமாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். திட்டு வாங்கிய மனிதர் என்னைப் பேக்கரிக்குக் கூட்டிப்போய் இரண்டு தேங்காய் பன் வாங்கித் தந்தது எனக்கு விளங்கவில்லை.

வேஷம் முழுக்க மாமாவின் பொறுப்பு. கேஸ் லைட்டரைப் பிரித்து, பெரிய சாவி ஒன்றில் பொருத்தினார். அமுக்கினால் சாவி நுனியில் நீலமாகப் பொறி பறக்கும். அப்பா புதிதாகப் போட ஆரம்பித்திருந்த இரட்டைப் பார்வைக் கண்ணாடி எனக்கு வந்தது. தலைமுடிக்குத் துணித்தொப்பி ஒன்றில் ஒட்டிய மருந்துக்கடைப் பஞ்சு. பின்னந்தலைக்குப் பஞ்சு பற்றாமல் போகவே, கடையில் வார்னிஷ் துடைத்த கழிவுப் பஞ்சை எடுத்து ஒட்டிவிட்டார்.

வார்னிஷ் வாடை அடிக்கிறதே என்றாள் அம்மா.

"பின்னால போயி யாரு, அக்கா, மோந்து பாக்கப் போறாங்க?" என்றார் மாமா.

மேடையேறினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தரை இடுப்பு உயரத்தில் இருந்தது. என் கையே எங்கே என்று தெரியவில்லை. பட்டத்தைப் பற்றியும் கண்ணாடியைப் பற்றியும் முழங்கிவிட்டு, எட்ட நீட்ட வேண்டிய சாவியைக் காதுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்து அமுக்கினேன். டிக். டிக்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். அம்மா அலறினாள். என் பின்னந்தலையில் புகை. மேடை ஓரத்தில் நின்ற மிஸ் ஓடிவந்து, முடியை வெறுங்கையால் பிடுங்கி வீசிவிட்டு, ஒரு குடம் குடிதண்ணீரை முடியின் மேல் பாதியும் என் மேல் பாதியுமாகக் கொட்டினார். மாமா பெஞ்சுகளைத் தாண்டி வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க மிஸ், கை சுட்டுருச்சுங்களா?"

தலை எரிந்தது என்னுடையது. கேட்டது மிஸ்ஸின் கையை. அந்த அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் ஷட்டில் பேட் கண்முன் நின்றது. சொட்டச் சொட்ட மைக்கைப் பிடித்து அடுத்த வரியைச் சொன்னேன்.

"ஊரில் தீப்பிடித்தால் அணைப்பதற்கு ஆள் சேர்த்ததும் நான்தான்!"

அரங்கமே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் மிச்சமிருந்த ஒரே வரி, தூது போன வரி, மறந்துபோய் இறங்கிவிட்டேன்.

முதல் பரிசு ஒரு கத்தரிக்காய்க்குப் போனது. "விஞ்ஞானி வந்தாருங்க, கண்டுபிடிச்சவரும் வந்தாருங்க. தூது போனவரைத்தான் காணோமுங்க" என்றார் நடுவர். எனக்கு இரண்டாவது சோப்பு டப்பா. இரவு சாப்பிடாமல் அழுதேன்.

மறுநாளே மாமா என்னிடம் தீக்காயக் களிம்பு ஒன்றை மிஸ்ஸுக்குக் கொடுத்தனுப்பினார். மிஸ் நன்றி சொல்லி அனுப்பினார். அதன்பின் மாமாவுக்குக் கணக்கில்கூடச் சந்தேகங்கள் வந்தன. எல்லாவற்றையும் நானே சுமந்தேன்.

அடுத்த தை மாதம் கிணத்துக்கடவில் கல்யாணம். மிஸ் என் அத்தையானார். மணமேடையில் மாமா ஒரு பெரிய பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். பிரித்தால், ஒரு ஜோடி ஷட்டில் பேட்.

"தூது போனதைச் சொல்லாமத் தோத்தவளுக்கு எதுக்கு மாமா இது?" என்று கேட்டேன்.

மாமாவும் மிஸ்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இனி இவர்களோடு பேச்சே இல்லை என்று முடிவு செய்து, பேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.