காத்திருந்த அடுப்பு

முன்னறையிலிருந்து இர்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. சமையலறையில் ஐஸ் கட்டிகளைப் பெயர்த்துக்கொண்டிருந்த வெண்டல் ஸ்ட்ராக்கின் கை அப்படியே நின்றது. மனைவி வாய்விட்டுச் சிரித்து எத்தனை மாதங்கள்! ஆனால் இந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"இன்னொரு தடவை படிங்க, மிஸ்டர் ஹால்வர்சன்."

வெண்டலின் முதலாளி குரலை உயர்த்திப் படித்தார். "உங்களுக்காக வீட்டில் ஒன்று காத்திருக்கிறது. டெல்ரிட்ஜ் அடுப்பு!"

அது வெண்டல் எழுதிய விளம்பர வாசகம்.

ஒஹையோவில் செருப்புக்கடைக்காரரின் மகனாகப் பிறந்து, நியூயார்க்கின் விளம்பரத் தெருவான மாடிசன் அவென்யூவில் பதினெட்டு வருஷம் விளம்பரம் எழுதியவன் அவன். நாடே முணுமுணுக்கும் வாசகங்கள் அவனுடையவை. பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அது தெரியாது. விளம்பரத்தில் எழுதியவன் பெயர் வருவதில்லை. விளம்பரம் கேட்டு வந்த கம்பெனிக்காரர்கள் முன்னால், அதை மாட்டிவைத்த பலகையருகே நின்று யார் படித்துக்காட்டுகிறானோ, வாசகம் அவனுடையதாகிவிடும். நாலு பேர் முன்னால் நின்றாலே வெண்டலுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அவன் எழுதுவான். கூட வேலை பார்க்கும் கான்ராட் பெல் படிப்பான்.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். "இது எப்படிப்பா தோணுச்சு?" என்று அடுப்புக் கம்பெனிக்காரர் கேட்டார். கான்ராட் கொஞ்சமும் கூசாமல், "செத்துப்போன எங்கம்மா சொன்னது சார்," என்றான். அந்தப் பெரிய மனிதர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழுத்துப் பிரிவின் தலைமைப் பதவி காலியாக இருந்தது. அது இருவரில் ஒருவனுக்குத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக வெண்டல் முதலாளி அறைக்குப் போய், "சார், அது என் மனைவி சொன்ன வார்த்தை," என்றான். அதை இர்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹால்வர்சன் யாங்கர்ஸில் இருந்த அவர்கள் வீடு வரை கார் ஓட்டி வந்திருந்தார்.

இர்மாவிடம் வெண்டல் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

கோப்பைகளோடு அவன் உள்ளே வந்தான். இர்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க சொன்னதுதானாமே இர்மா?" என்றார் ஹால்வர்சன். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே உங்க வீட்டுக்காரர் கதவுல புதுப் பெயர்ப்பலகை மாட்டிடுவேன்."

"சொன்னேன். எப்போ சொன்னேன்னு வெண்டல் உங்ககிட்ட சொன்னானா?"

"இல்லையே."

"என் நாப்பதாவது பிறந்தநாள். கேக்கும் சாப்பாடும் பண்ணி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். இந்த ஐயா உங்க ஆளுங்களோட மார்ட்டினி குடிச்சுட்டு, எல்லாம் ஆறிப்போனப்புறம் வந்தாரு. அப்போ சொன்னேன், 'இந்த வீட்டுல எனக்காகக் காத்திருக்கிறது இந்த அடுப்பு ஒண்ணுதான்'னு." அவள் குரல் உடைந்தது. "அதை வித்துட்டியா வெண்டல்?"

ஹால்வர்சன் தொண்டையைச் செருமினார். "புருஷன் பொண்டாட்டி கிண்டல்தானே அது? வெண்டல், விளையாட்டாத்தானே சொன்னாங்க?"

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. தலையை ஆட்டினால் போதும். பதினெட்டு வருஷம் ஏங்கிய நாற்காலி!

வெண்டல் மனைவியைப் பார்த்தான். அன்றைக்கும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது. அன்றைக்கு அவன் பார்க்கவில்லை.

"இல்ல சார்," என்றான். "அழுதுக்கிட்டே சொன்னா. நான் சமாதானம்கூடச் சொல்லல. மாடிக்குப் போய் மறக்கறதுக்கு முன்னாடி சிகரெட் அட்டையில எழுதி வெச்சேன்."

முன்னால் முதலாளியும் மனைவியும் இருந்தார்கள். ஆனாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் அவன் சொல்லி முடித்தான்.

ஹால்வர்சன் பெருமூச்சு விட்டார். "கான்ராட் அம்மா மயாமில சீட்டாடிக்கிட்டிருக்கா. அது எனக்கும் தெரியும். ஆனா அந்தக் கதையை நான் கம்பெனிக்காரன்கிட்ட சொல்லலாம். உன் கதையைச் சொல்ல முடியாதுப்பா."

"தெரியும் சார்."

"அந்த நாற்காலி கான்ராடுக்குத்தான். நாளையிலேருந்து அவன் சொல்றதைத்தான் எழுதணும். முடியுமா?"

"பாக்கறேன் சார்."

இர்மா எழுந்து அவர் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

கார் கிளம்பும்வரை இர்மா வாசலிலேயே நின்றாள். வெண்டல் வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவள் விலகவில்லை, அவன் பக்கம் திரும்பவும் இல்லை. பிறகு கையை நீட்டி, இருவரும் உள்ளே இருக்க, கதவைச் சாத்தினாள்.