மஞ்சள் வரிகளும் சிவப்புப் பலகையும்

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு மட்டும்தான். பஸ் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்து வைப்பேன். ஆனால் என் கடைக்குட்டி கிளிநொச்சியில் ஒரு கம்பனிக்குக் கணினி புரோகிராம் எழுதுகிறாள். இதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

அவளை வேலைக்கு எடுத்து அப்போது சில மாதம்தான். ஒரு மருந்துக்கடைக்கான புரோகிராமைத் தனியாக முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். பிழைவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். பின்னேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று அன்று எங்கள் ஜெயபுரத்து வீட்டிலேயே, நான் சமைக்கிற குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்து, மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். திரை முழுக்க மஞ்சள் வரிகள்.

“என்ன பிள்ளை, எல்லாம் பிழையோ?”

“பிழை இல்லையம்மா, எச்சரிக்கை. இதை ஒருக்காப் பார் எண்டு அது சொல்லுது.”

வேறு யாரோ எப்போதோ எழுதின பழைய துண்டு ஒன்று நடுவில் இருக்கிறதாம். நன்றாகத்தான் ஓடுகிறது, அதில் கைவைக்கக் கூடாதாம். மஞ்சள் வரிகளில் முக்கால்வாசி அதற்குத்தான். அந்த இரைச்சலுக்குள் புதிதாக ஒன்று வந்தால் கண்ணில் படாது.

“அப்ப எல்லாத்தையும் வாயை மூடச் சொல்லிப்போட்டுச் சாப்பிட வா.”

சிரித்தாள். “நீங்களோ சொல்லுறீங்கள்? பெரியப்பாவைப் பலகை பிடுங்க விடாத ஆள்!”

அது யுத்தம் முடிந்து நாங்கள் மீளக்குடியேறின காலம். மிதிவெடி எடுக்கிறவர்கள் காணியைத் துண்டு துண்டாகத் துப்புரவாக்குவார்கள். முடிந்த துண்டில் இருந்த, அபாயம் என்கிற சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கழற்றி, அடுத்த துண்டின் தொடக்கத்தில் நடுவார்கள். ஒருநாள் அந்தப் பெரியப்பா, என் மனிசனின் தமையன், கத்தியோடு வந்தார், பலகைகள் மாட்டுக்கொட்டிலுக்கு உதவுமென்று. “வெடி எடுத்து முடிஞ்ச துண்டுக்குப் பலகை தேவையில்லை. மற்றதில கைவைச்சுப் பாருங்கோ அத்தான்” என்று நான் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். திரும்பிப் போனார்.

மகளும் அப்படியே, அந்தத் துண்டை மட்டும் அடக்கப் பார்த்தாள். பழைய துண்டுக்கு மேலே, வாயை மூடு என்று ஒரு வரி. ஏன் மூடினாள் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. திரும்ப ஓட்டினாள். மஞ்சள் ஒன்றுமே இல்லை. நான் சந்தோஷமாய்ச் சோற்றைப் போட்டேன்.

அவள் சோற்றுக்கோப்பையைத் தொடவில்லை. “இவ்வளவு அமைதி வரக்கூடாதம்மா. நான் எழுதினதிலயும் ரெண்டொண்டு இருந்தது.”

ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். பழைய துண்டு முடிகிற இடத்தில், இனி வாயைத் திற என்ற வரியைப் போட மறந்திருந்தாள். அதற்குக் கீழே அவள் எழுதினதெல்லாம் சேர்ந்து ஊமையாகிவிட்டது.

“பலகையைக் கழற்றினனான், அடுத்த துண்டில நடேல்லை” என்றாள்.

அந்த வரியைப் போட்டதும் மஞ்சள் திரும்பி வந்தது, கொஞ்சம்தான். அதில் ஒன்று உண்மையான ஆபத்து. ஒருவருக்கு மருந்துக் குளிசை எத்தனை என்று போடாமல் விட்டால், அவருக்கு முன்னால் வந்தவரின் கணக்கையே அது இவருக்கும் காட்டிவிடுமாம்.

“ஐயோ, வேற ஆற்றையோ கணக்கில என்ர பிரஷர் குளிசையை நானெல்லோ விழுங்கியிருப்பன்!” என்றேன்.

திருத்தினாள், அனுப்பினாள். வெயில் சாய முன்னம் அவளின் மேலாளர் போன் எடுத்தார். கதைத்து முடித்து அவள் மூச்சு விட்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“நிரந்தரமாமம்மா.”

குழம்பைத் திரும்பச் சூடாக்கினேன்.

“இப்ப எல்லாத்துக்கும் வாய் திறந்திருக்கோ?”

“அந்தப் பழைய துண்டைத் தவிர, ஓம்.”

“அப்ப உன்ர வாயையும் திற. சோறு ஆறிப்போச்சு.”