ஸ்டெல்லாவின் உடையில் நான் தைத்த மெடல்

எண்ணூருக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. போன சனிக்கிழமை நான் போனது மன்னிப்புக் கேட்க. என் தம்பி மகள் ஸ்டெல்லா சர்வதேசப் போட்டிகளில் சைக்கிள் ஓட்டுகிறாள். சரிவான மரத்தளத்தில், பிரேக் இல்லாத சைக்கிளில். இந்த ஆண்டுப் போட்டித் தொடரின் கடைசிச் சுற்றுக்கு அன்று மாலை விமானம் ஏறவிருந்தாள். அதற்குள் பார்த்துவிட நினைத்தேன்.

எங்கள் ராயபுரத்தில், கடலுக்குப் போகிறவர்களின் சட்டை மடிப்பில், மாதா உருவம் பொறித்த சிறு மெடலைக் காவலுக்கு வைத்துத் தைப்போம். துறைமுக இழுவைப் படகில் இருந்த என் கணவருக்கு முப்பத்தோரு ஆண்டுகள் தைத்தேன். முதல் சுற்றுக்கு ஸ்டெல்லா புறப்பட்டபோது அவளுடைய பந்தய உடையின் கழுத்து மடிப்பிலும் தைத்தேன். கேட்டால் மறுப்பாள் என்பதால் கேட்கவில்லை. கன்னியாஸ்திரீகளிடம் கற்ற தையல், வெளியே தெரியாது.

பந்தயத்துக்கு முன் உடையைச் சோதிப்பார்கள் என்று நான் அறியவில்லை. எதையும் சேர்த்துத் தைக்கக் கூடாதாம். அதிகாரியின் விரலில் மெடல் தட்டுப்பட்டிருக்கிறது. அவசரமாகப் பிரித்தபோது, தையல் அத்தனை நெருக்கமாக இருந்ததால் துணி கிழிந்துவிட்டது. மாற்று உடை ஓட்டலில் இருந்தது. பெயரை அழைத்தபோது அவள் தொடக்கக் கோட்டில் இல்லை. அந்தச் சுற்றுப் புள்ளிகள் போயின. நான்கு மாதமாக ஸ்டெல்லா என்னிடம் பேசவில்லை.

ராயபுரம் ஸ்டேஷனில் காலை 9.20க்கு ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். பதின்மூன்று கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். மூர் மார்க்கெட்டிலிருந்து கிளம்பும் வண்டிகள் ராயபுரம் வருவதில்லை. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டியைப் பாருங்கள். திருவொற்றியூர் தாண்டியதும் கரித்தூள் படிந்த ஜன்னல் கம்பியைத் தொடாதீர்கள். வெள்ளைக் கைக்குட்டை பாழாகும். எனக்குப் பாழானது.

எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து தம்பி வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டார், அறுபதுக்கு ஒப்புக்கொண்டார்.

"சைக்கிள் ஸ்டெல்லா வூடா? அது சைக்கிள்ல பிரேக்கே கெடையாதாமே? என் ஆட்டோலயும் பாதி நாள் கெடையாதும்மா!" என்று சிரித்தார். "நீ அதுக்கு இன்னா வேணும்?"

"அத்தை."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அந்த மெடல் தச்ச அத்தையா?"

அறுபது ரூபாயை எண்ணி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "வா அத்தே, உக்காரு" என்றாள். கோபமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை ரயிலிலேயே தயார் செய்திருந்தேன். அதற்குள் அவள் புது உடையை உள்புறமாகத் திருப்பி, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் தடவிப் பார்த்தாள். என் எதிரிலேயே. அவசரமில்லாமல்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஓரத்துல நூல் தொங்குது பாரு. மெஷின் தையல்."

"தொங்கட்டும். நீ கை வெக்காத அத்தே."

பிறகு டீ வந்தது. விமான நேரம், அங்கே குளிர், ஸ்வெட்டர் என்று பேச்சு போய்விட்டது. பதினொன்றரைக்கு எழுந்தேன். வாசலில் அவள் என் கையில் மெடலை வைத்தாள்.

"தூக்கிப் போட மனசு வரல. பையிலயே வெச்சிகினு சுத்துனேன். இனிமே நீயே வெச்சிக்கோ."

வளையத்தில் என் வெள்ளை நூல் இன்னும் ஒட்டியிருந்தது. முடிச்சு அவிழவேயில்லை. "பத்திரமா போயிட்டு வா" என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. திரும்பும் வண்டியில் முப்பத்தைந்து நிமிடமும் அந்த முடிச்சை நகத்தால் நெருடிக்கொண்டே வந்தேன்.

இப்படி யாரையாவது வழியனுப்பப் போகிறவர்களுக்கு: எண்ணூரில் ஆட்டோவுக்கு அறுபதுக்கு மேல் கொடுக்காதீர்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். அவர்களுடைய பெட்டியில் எதை வைப்பதானாலும் கேட்டுவிட்டு வையுங்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுங்கள். உட்காரச் சொல்வார்கள், சொல்லி முடிக்கும்வரை உட்காராதீர்கள்.