தறியில் உட்காராத படம்

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்று, ஜெர்மனியில் இயந்திரவியல் படிக்க எனக்கு உதவித்தொகை கொடுத்தது. கம்பெனியின் ஆண்டு மலருக்குப் படம் எடுக்கக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி, என்னை அப்பாவின் தறியில் உட்கார்ந்து நெய்யச் சொன்னார். தறியில் பாதி நெய்த புடவையோடு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"கை மாறினா புடவையில கோடு விழுந்துடும் சார்" என்றேன்.

"ரெண்டு இழைதானம்மா, யாருக்குத் தெரியப்போவுது?"

"எங்கப்பாவுக்குத் தெரியும். நான் படிக்கப்போறது மெஷினைப் பத்தி. லேப்டாப்போட எடுங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்தார். அப்பா தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கம்பெனி மலரை நான் ஜெர்மனியில், வகுப்புக்குக் கிளம்பும்போது பார்த்தேன். என்னைப் பற்றிய செய்திக்கு மேலே, யாரோ ஒரு பெண் தறியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டுப் புடவையில் கோடு விழுந்ததோ!