இருங்க டாக்டர்

ஆஸ்பத்திரியில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் 'பிரேக்கக்கா' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ். குடலை வெட்டிப் பூட்டும் நீள ஸ்டேப்ளரைப் பெரிய டாக்டர் கையில் வைத்ததோடு அவள் வேலை முடிந்துவிடாது. கருவி குடலைக் கவ்வியதும் விசையைத் தள்ளிவிடக் கூடாது. சதை அமுங்கிப் படியும்வரை பொறுக்க வேண்டும். அப்போதுதான் இரு பக்கமும் பின்கள் ஒழுங்காக மடங்கும், நடுவே கத்தி ஓடும். அவசரப்பட்டால் தையல் கசியும். டாக்டரோ கை துறுதுறுக்கும் மனிதர். "நான் மறந்தா அதட்டுங்க சிஸ்டர்" என்று அவரே சொல்லிவைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு முறையும், "இருங்க டாக்டர்... ம், இப்ப."

"எனக்குக் கல்யாணத்தன்னைக்கே பிரேக் போட்டாச்சு" என்பார் கணவர்.

அவள் குடலிலேயே கட்டி வந்தது. அதே டேபிள், அதே டாக்டர். கத்தியை நினைத்து அவளுக்குப் பயமில்லை. அந்த வார்த்தையை யார் சொல்வது என்பதுதான் கவலை. அன்றைக்கு அவள் இடத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கப்போகும் சின்ன சிஸ்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடுவியாடி?"

"அவரு முறைச்சா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்க்கா."

"உன் நாக்கு ஒட்டினா என் குடல் ஒட்டாதுடி!"

கண் விழித்தபோது தொண்டை எரிந்தது. மூச்சுக்குழாய் வைத்த புண், வழக்கம்தான். பக்கத்தில் சின்ன சிஸ்டர், முகம் வெளிறி நின்றிருந்தாள்.

"சொன்னியா?"

"இல்லக்கா. வாயே வரல."

"அப்ப அவரு நிறுத்தலியா?"

"நிறுத்தினாரு. நீங்கதான் சொன்னீங்களே."

"வாயில குழாயோடயா?"

"எல்லாருக்கும் கேட்டுச்சுக்கா. மயக்க டாக்டர் பதறி எந்திரிச்சு உங்க கண்ணைத் திறந்து பாத்தாரு. நல்ல மயக்கம். அப்புறம் 'ம், இப்ப'ன்னும் கேட்டுச்சு. சார் தள்ளினாரு."

மாலையில் டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வெளியே கிளம்பியவர் கதவருகே நின்றார்.

"தியேட்டருக்குள்ள வலி ஏதாவது தெரிஞ்சுதா சிஸ்டர்?"

"ஒண்ணுமே தெரியல டாக்டர்."

அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை.

தையல் பிடித்துக்கொண்டது. குடல் வேலை செய்யத் தொடங்கிக் காற்றுப் பிரிந்த நல்ல செய்தியைக் கணவர் வார்டு முழுக்கச் சொல்லி அவள் மானத்தை வாங்கினார். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பினாள்.

முதல் கேஸ், யாரோ ஒரு பெரியவர். கருவி குடலைக் கவ்வியது. அவள் மாஸ்க்குக்குள் வாயைத் திறப்பதற்குள் டாக்டரின் கை நின்றது.

"சரி சரி, இருக்கேன்" என்றார்.

சின்ன சிஸ்டர் அவளைப் பார்த்துத் தலையாட்டினாள், சரியான நேரத்தில் சொன்னீர்கள் என்பதுபோல. அவள் இன்னும் பேசியிருக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். வேண்டுமென்றேதான். என்னதான் நடக்கும், பார்ப்போம்.

கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. பிறகு எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. டாக்டர் விசையைத் தள்ளினார்.

அவள் காதில் மட்டும் எதுவும் விழவில்லை.