கம்பி வேலியும் ஹிந்திப் பாட்டும்

நோபல் பார்க் என்ற புறநகரில் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில் இருக்கும் சுஜீதனுக்கு ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவன் துப்புரவு வேலை செய்யும் தியேட்டருக்கு வருகிற ஹிந்திப் படம் ஒன்றையும் விட்டதில்லை. பனிமலையில் மெல்லிய சேலையோடு ஆடும் கதாநாயகி, பத்துப் பேரை ஒற்றைக் கையால் புரட்டும் கதாநாயகன், முடிவில் கல்யாணம். அவனுக்கு அது போதும். பொலிஸ் அடிக்கிற, சனம் முகாமில் அழுகிற படம் வந்தால் மட்டும் வெளியே நின்று, கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டுவான். கதவுக்குள்ளால் வரும் சத்தமே அவனுக்கு ஆகாது.

அதே வீட்டின் முன்னறையில் இருக்கும் விக்னராஜாவுக்கு நேர்மாறான ருசி.

"உன்ர ஆட்டப் படமெல்லாம் சும்மா பேய்க்காட்டலடா. நடக்கிறதைக் காட்டவேணும். அதுதான் படம்."

சுஜீதன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். ஒரே ஒரு தடவைதான் அவர் பேச்சைக் கேட்டான். அது இப்போது அவன் கழுத்துக்குச் சுருக்காக வந்து நின்றது.

படகில் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஊரில் இராணுவ முகாமிலிருந்து எப்படித் தப்பினாய் என்று அகதி விண்ணப்பத்தில் எழுதவேண்டியிருந்தது. நடந்ததை விக்னராஜாவிடம் சொன்னான். அவர் தலையில் கை வைத்தார்.

"பாட்டுப் பாடினனான், ஆமிக்காரன் விட்டவன் எண்டு எழுதினா விழுந்து விழுந்து சிரிப்பாங்கள். கம்பி வேலியை வெட்டிக்கொண்டு ஓடினனான் எண்டு எழுது. அப்பதான் உண்மை மாதிரி இருக்கும்."

எழுதினான். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒரு தடவை நிராகரித்து, இப்போது கடைசியாக ஒரு நேர்காணல். இதுவும் சரிவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் போய் இறங்கினால் யார் வந்து எந்த முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதை அவன் நினைக்கவே விரும்பவில்லை.

நகரத்தில் குடிவரவு அலுவலகத்தின் ஒன்பதாம் மாடி. எதிரே ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க சந்திரவதனா என்றொரு அம்மா.

"கம்பியை எதால வெட்டினனீங்கள் எண்டு கேக்கிறார்."

"குறட்டால."

"முகாமுக்குள்ள குறடு எப்படி வந்தது?"

சுஜீதன் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். இவனுக்கு விசாவே கிடைக்காது போலிருந்தது.

"எந்தப் பக்கத்து வேலி? எத்தினை கம்பி?"

அவனுக்கு ஒரு கம்பியும் நினைவில் இல்லை. இருந்தால்தானே. அதிகாரி பழைய கடதாசியைப் புரட்டினார். அந்த மெல்லிய சத்தத்துக்கே சுஜீதன் திடுக்கிட்டான்.

"நான் வெட்டேல்லை," என்றான். "அது பொய். பயத்தில எழுதினது."

சந்திரவதனா ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரியின் பேனை நின்றது. அப்போ எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்டார்.

"வாசல்ல காவலுக்கு நிண்டவன் சிங்களப் பெடியன். என்ர வயசுதான். போன்ல ஒரு ஹிந்திப் பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டு நிண்டவன். பற்றரி முடிஞ்சு பாட்டு நிண்டிட்டுது. எனக்குத் தெரிஞ்ச பாட்டு. வாயில தன்பாட்டில வந்திட்டுது, மிச்சத்தைப் பாடினனான். அவனும் சேர்ந்து பாடினவன். பிறகு படலையைத் திறந்துவிட்டிட்டு அங்கால திரும்பி நிண்டவன்."

சொல்லும்போதே, இதை யார் நம்புவார்கள் என்று அவனுக்கே தோன்றியது. அதிகாரியும் நம்பின மாதிரித் தெரியவில்லை.

"அந்தப் பாட்டைப் பாடச் சொல்லுறார்," என்றார் சந்திரவதனா.

சுஜீதன் பாடினான். குரல் நடுங்கியது. அன்றைக்கும் இப்படித்தான் நடுங்கியது. இரண்டு வரியோடு நிறுத்திவிட்டான்.

அதிகாரி சந்திரவதனாவைப் பார்த்தார், அர்த்தம் என்ன என்று. அவர் சங்கடத்தோடு இல்லையென்று தலையாட்டிவிட்டுச் சுஜீதன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்கு ஹிந்தி தெரியாது."

"எனக்கும் தெரியாது அன்ரி," என்றான் சுஜீதன். "அந்த ஆமிக்காரனுக்கும் தெரியாது. இதையும் அவருக்குச் சொல்லுங்கோ."